வேலப்பாடி வீட்டுக் கூரையும் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களும்

வேலூரிலும் சுற்றுப்பட்டிலும் மெட்ராஸ் டெரஸ் என்கிற சுண்ணாம்புக் கூரை வீடு வைத்துக்கொண்டு, ஐப்பசி பிறந்தாலே கூரையை அண்ணாந்து பார்த்தபடி படுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பழைய கட்டடங்களை இடிக்காமல் சரிசெய்து, மறுபடியும் ஆள் புழங்கும்படி ஆக்குவதற்கு ஊர்க்காரர்களே சிலர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். வந்து பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்குவதில்லை. ஞாயிறன்று மட்டும் வருவதால் எங்கள் தெருவில் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்காரங்க என்றே பெயராகிவிட்டது. என் வீட்டில் அவர்கள் வேலை முடித்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அதுவரை எழுதக் கூடாது என்று காத்திருந்தேன். கூரை வேலையை வெயில் காலத்தில் பாராட்டி என்ன பயன்?

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். வேலப்பாடியில் தாத்தா கட்டியது. அவர் மல்லாட்டை (நிலக்கடலை) மண்டி வைத்திருந்தவர். தெருப் பக்கம் திண்ணை, அதை ஒட்டி மூட்டை அடுக்க ஒரு முன்னறை, நடை, முற்றம், கூடம், பின்கட்டில் சமையல். முன்னறைக்கும் கூடத்துக்கும் மேலே மெட்ராஸ் டெரஸ். பார்க்காதவர்களுக்காக: சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் ஆச்சிக்கல் என்கிற சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டி, நிறுத்தினாற்போல் கோணவாட்டில் அடுக்கிக்கொண்டே போவார்கள். ஆச்சிக்கல் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், கனம் 1 அங்குலம்தான். கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள். சித்திரையில் வேலூர் எப்படிக் காயும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலிலும் எங்கள் கூடத்தில் மத்தியானம் பாய் விரித்துப் படுக்கலாம்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு மூலையில் லேசாக ஈரம் தெரிந்தது. ஒரு கான்ட்ராக்டர் வந்து பார்த்தார். மேலே ஒன்றரை அங்குலத்துக்குச் சிமென்ட் போட்டு, அதற்குமேல் வெள்ளையாக ஒரு பெயின்ட் அடித்துக் கொடுத்தார். இரண்டு வருடம் ஒழுகவில்லை. மூன்றாம் வருடத்திலிருந்து, முன்பு ஒழுகாத இடத்திலெல்லாம் ஒழுக ஆரம்பித்தது. சுவரில் உப்புப் பூத்தது. விரலால் தேய்த்தால் செங்கல் மாவாக உதிர்ந்தது. மழை வந்தால் அண்டா, குண்டான், பக்கெட் என்று ஏழு இடத்தில் வைப்போம். மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசியில் ஓர் இரவு, அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் காரை ஒரு பாளமாக விழுந்தது. அம்மாவுக்கு அப்போது 80 வயது. எழுந்து உட்கார்ந்து, விழுந்த காரையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதே கான்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். அவர் மேலே ஏறிக்கூடப் பார்க்கவில்லை. "இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட்டு மேடம், இடிச்சிட்டு நாலு வீடா கட்டலாம்" என்றார். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற அண்ணன்கள் இரண்டு பேருக்கும் அது சரியாகவே பட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அம்மா மட்டும், "நான் போன பொறவு இன்னா வேணா பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

என் கடையில் ரவிக்கை தைக்கக் கொடுக்கிற ஒரு அம்மாவின் மகன், சிவில் இன்ஜினியரிங் படிக்கிறவன். அவன் இவர்களோடு ஞாயிறு தோறும் போகிறான் என்று பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது. அடுத்த ஞாயிறே நான்கு பேர் வந்துவிட்டார்கள். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ரிட்டயரான ஒரு சார், ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த 70 வயதைத் தாண்டிய கொத்தனார் தாத்தா, மர வேலைக்காரரான ஒரு பாய், அப்புறம் அந்தப் பையன்.

அந்த முதல் வருகையைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டரை மணி நேரம் இருந்தார்கள். மேலே ஏறுவதற்கு முன் ஓவர்சியர் சார் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மழைத் தண்ணி முன்பெல்லாம் எந்தப் பக்கம் விழும், தாத்தா காலத்தில் கூரைக்கு யார் வேலை செய்தார்கள், எந்தச் சுவர் பிற்பாடு வைத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்களுக்கே தெரியாத விஷயமெல்லாம் அம்மா சொன்னார். கூரையின் மேற்கு ஓரத்தில் ஒரு கல் தூம்பு இருந்ததாம். பின்பக்கம் குளியலறை கட்டும்போது அதை அடைத்துவிட்டார்களாம். பையன் போய்ப் பார்த்தான். தூம்பு அங்கேயே இருந்தது, வாயில் சிமென்ட். கூரைத் தண்ணி போக வழியில்லாமல் அந்தப் பக்கமே தேங்கித் தேங்கி நின்றிருக்கிறது.

கொத்தனார் தாத்தா ஒரு சின்னச் சுத்தியலால் கூரை முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று கேட்கிற இடம் நல்ல இடம், பொத்தென்று கேட்கிற இடம் உள்ளே விட்டுப்போன இடம் என்று எனக்கும் தட்டிக் காட்டினார். சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு இடத்தில் நின்று, "இன்னாம்மா இது, மூச்சு உடற கூரை மேல பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டுன மாரி சிமென்ட்டப் போட்டுக்கினு கீறீங்க?" என்றார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். மேலே சிமென்ட் மூடியதும் அது வெடித்த வெடிப்பு வழியாகத் தண்ணி உள்ளே போகும், ஆனால் வெளியே வர வழி இருக்காது. போகிற இடமெல்லாம் உப்பைக் கரைத்துக்கொண்டு போகும். சுவரில் வெள்ளையாகப் பூத்தது அதுதான். கட்டைகளின் முனை சுவருக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். பாய் ஏணி போட்டு ஒவ்வொரு கட்டையின் முனையையும் திருப்புளியால் குத்திப் பார்த்தார். 17 கட்டைகளில் 4 உளுத்திருந்தன. மற்ற 13-ம் தேக்கு வாசனையோடு அப்படியே இருந்தன. பாய் சிரித்துக்கொண்டே, "உங்க தாத்தா நல்ல மரம் போட்ருக்காரும்மா" என்றார். அம்மாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

நான் எதிர்பார்த்தது உடனே வேலை. அவர்கள் சொன்னது, தை வரைக்கும் ஒன்றும் செய்யாதீர்கள் என்று. தூம்பைத் திறந்துவிட்டு, உளுத்த நான்கு கட்டைகளுக்கும் அன்றைக்கே சவுக்குக் கழியால் முட்டுக் கொடுத்துவிட்டு, அம்மாவின் கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றச் சொன்னார்கள். மேற்குச் சுவரில் முளைத்திருந்த அரசஞ்செடியை நான் பிடுங்கப் போனேன். கொத்தனார் தாத்தா கையைத் தடுத்தார். பிடுங்கினால் வேரோடு சேர்ந்து சுவரும் வரும், அறுத்துவிட்டு, பழுது பார்க்கும்போது வேரைத் தோண்டி எடுத்துச் சாந்து அடைக்க வேண்டும் என்றார். தூம்பு திறந்த அந்த ஒரு வேலையிலேயே, அந்த மழைக்காலத்தின் மீதி நாட்களில் ஏழு பாத்திரம் மூன்றாகக் குறைந்தது. செலவு ஒரு ரூபாய் கிடையாது.

இடிக்க வேண்டுமா, அனுமதி ஏதாவது வேண்டுமா என்ற குழப்பமும் எனக்கு இருந்தது. ஓவர்சியர் சார் தெளிவாகச் சொன்னார். கோட்டை மாதிரி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக் கூடாது, அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் வரைக்கும் அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும். எங்கள் வீடு அந்த எல்லைக்கெல்லாம் வெகு தூரம். பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தமிழ்நாட்டில் 2012-ல் ஒரு ஆணையச் சட்டமே போட்டார்கள் என்றும் சொன்னார். ஆனால் தெருவில் இருக்கிற எங்கள் மாதிரி வீடுகளை யார் எண்ணிப் பட்டியல் போட்டார்கள்? இந்த வீடு நிற்பதும் விழுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறதம்மா என்றார். எனக்கு அது பயமாகவும் இருந்தது, தெம்பாகவும் இருந்தது.

பணம் விஷயம் எல்லோரும் கேட்பார்கள். அவர்கள் பணத்தைத் தொடுவதே இல்லை. கொத்தனார், கையாட்கள், மர வேலைக்காரர்களின் கூலியை நாமே அன்றன்றைக்கு அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். கொத்தனார் தாத்தாவும் பாயும்கூட முதலில் பார்த்துச் சொல்வதற்குத்தான் காசு வாங்குவதில்லை. வேலை நாளுக்கு ஊர்க் கூலி உண்டு. அது சரியும்கூட. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் எல்லாம் நாம் வாங்க வேண்டும். ஓவர்சியர் சாரும் கூட வருகிற கல்லூரிப் பிள்ளைகளும் இலவசம். எனக்கு எல்லாம் சேர்த்து 1,65,000 ரூபாய் ஆனது. நாலு பவுன் வளையலை அடகு வைத்தேன், போன ஆடியில் மீட்டுவிட்டேன்.

ஆச்சிக்கல் இப்போது எளிதில் கிடைக்காது. அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. எங்கே பழைய வீடு இடிபட்டாலும் தகவல் தெரிந்து போய், ஆச்சிக்கல், தட்டோடு, தேக்கு நிலை, கதவு, ஜன்னல் கம்பி, கருங்கல் படி எதுவாக இருந்தாலும் கேட்டு வாங்கிக் கொண்டுவந்து கிடங்கில் அடுக்கி வைக்கிறார்கள். வேண்டியவர்கள் வண்டி வாடகை மட்டும் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். நம் வீட்டில் மிஞ்சுவதை அங்கே கொடுத்துவிட வேண்டும். என் கூடத்துக் கூரையில் இப்போது இருக்கிற ஆச்சிக்கல்லில் பாதி குடியாத்தத்தில் இடித்த ஒரு வீட்டிலிருந்து வந்தது. உளுத்த நான்கு கட்டைகளுக்கும் முனை ஒட்டிய தேக்கு, ஆரணியில் ஒரு வீட்டு வாசக்காலாக இருந்தது. ஆரணிப் பட்டுப்புடவைக்கு ரவிக்கை தைத்தே பிழைத்தவள் நான், அந்த ஊர் மரம் என் தலைக்குமேல் இருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

பொங்கல் கழித்து வேலை ஆரம்பித்தார்கள். சிமென்ட்டை உடைத்து எடுக்கவே நான்கு நாள். எந்திரம் வைக்கக் கூடாது, அதிர்ச்சியில் ஆச்சிக்கல் கழன்றுவிடும் என்று உளியும் சுத்தியும்தான். சிமென்ட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லி ஈரமாக இருந்தது. தை மாதம், மழை நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் ஈரம். அதை மூன்று வாரம் வெயிலில் அப்படியே காயவிட்டார்கள். அந்த நேரத்தில் வாசலில் சுண்ணாம்பை நீற்றினார்கள். சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டதும் கொதித்த கொதியைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும் என்று ஓவர்சியர் சார் கயிறு கட்டி எல்லோரையும் தள்ளி நிறுத்தினார், வேலை செய்தவர்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் போடாமல் விடவில்லை. இந்த மாதிரி ஜாக்கிரதையை நான் வேறு எந்தக் கட்டட வேலையிலும் பார்த்ததில்லை.

ஜவ்வாது மலைக் கடுக்காயை உடைத்து, வெல்லத்தோடு ட்ரம்மில் ஊறப்போட்டார்கள். நாலைந்து நாளில் ஒரு புளித்த வாடை தெருமுனை வரைக்கும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் சொல்லாமல் விட்டுச் சண்டை வரப் பார்த்தது. அந்தத் தண்ணியைத் தெளித்துத் தெளித்துத்தான் ஜல்லியை அடிக்க வேண்டும். 4 அங்குலம் கொட்டியது 3 அங்குலமாக இறுகும் வரைக்கும் அடித்தார்கள், மூன்று நாள். கட்டையை அடித்தால் தடம் பதியாமல் எகிறி வர வேண்டும், அதுதான் கணக்கு. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அடித்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்குத்தான் முன்பே இந்த வேலை தெரியும். மற்றவர்களுக்கு அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். கீழே கூடத்தில் அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கல்யாணமாகி வந்த வருடம் முன்னறைக்கு இதே மாதிரி அடித்தார்களாம். மூன்று நாளும் எல்லோருக்கும் கேழ்வரகுக் களியும் இலவம்பாடிக் கத்தரிக்காய்க் குழம்பும் அம்மா சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

சரி, குறைகள். இருக்கின்றன.

ஞாயிறு மட்டும் என்பது பெரிய குறை. கொத்தனாரும் ஆட்களும் வார நாட்களில் வந்தார்கள், ஆனால் சந்தேகம் வந்தால் தீர்த்துவைக்க ஓவர்சியர் சார் ஞாயிறு வர வேண்டும். போனில் கேட்டால் போட்டோ அனுப்பச் சொல்வார். இதனால் ஐந்து வாரத்தில் முடிய வேண்டியது ஒன்பது வாரம் ஆனது. பங்குனி வெயிலில் தட்டோடு பதிக்க வேண்டியதாகிவிட்டது. காயாமல் இருக்கச் சாக்கு விரித்து ஒரு நாளைக்கு நாலு தடவை தண்ணி ஊற்றி ஊற்றி என் இடுப்பே விட்டுப்போனது.

எழுத்தில் மதிப்பீடு தரமாட்டேன் என்கிறார்கள். உடைத்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். ஆனால் என் மாதிரி எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவளுக்கு, ஒரு லட்சமா இரண்டு லட்சமா என்றாவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். "சுமார் ஒரு லட்சம்" என்று வாயால் சொன்னது எவ்வளவில் முடிந்தது என்று மேலே பார்த்தீர்கள். இதை நான் அவர்களிடம் நேரிலேயே சொன்னேன். இப்போது குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள் என்று, எனக்குப் பிறகு வேலை செய்துகொண்டவர்கள் சொல்கிறார்கள்.

கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் நிறைய. ஒரு ஞாயிறு பதினான்கு பேர் மேலே ஏறிவிட்டார்கள். புதிதாகப் பதித்த தட்டோடு ஐந்தாறு உடைந்தது. ஓவர்சியர் சார் அவர்களை அன்றைக்கே கீழே இறக்கி, உடைந்ததை அவர்கள் கையாலேயே மாற்றிப் பதிக்க வைத்தார். எனக்குக் கோபம்தான். ஆனால் அந்த இடத்தில் இன்றுவரை ஒரு சொட்டு இறங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நாம் கேட்டதெல்லாம் செய்ய மாட்டார்கள். கூடத்துச் சிவப்புத் தரையை எடுத்துவிட்டுப் பளபள டைல்ஸ் போட எனக்கு ஆசை இருந்தது. நல்லாத்தானே இருக்கிறது, மெழுகு போட்டுத் தேய்த்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். தேய்த்துப் பார்த்தேன். டைல்ஸ் ஆசை போய்விட்டது. அதற்காக எல்லாமே பழையபடி இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களும் இல்லை. அம்மா ராத்திரியில் பின்கட்டைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போக முடியாது என்றதும், கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் மேற்கத்திக் கழிப்பறை, கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை எல்லாம் வைத்துக் கொடுத்தார்கள். குழாயைப் பழைய சுவரில் வெட்டி இறக்காமல், சுவருக்கு வெளியே தெரியும்படி கொண்டு போனார்கள். நாளைக்குக் கசிந்தால் சுவருக்குச் சேதம் வராது, கண்ணுக்கும் தெரியும் என்றார் பாய். அந்த ஒரு அறைக்காகவே அம்மா அவர்களை வாழ்த்திக்கொண்டே இருக்கிறார்.

கூரையைவிட எனக்கு அதிகம் உதவியது அவர்கள் கேட்ட ஒரு கேள்வி. வேலை முடிகிற சமயம் ஓவர்சியர் சார், "முன்னறையை என்னம்மா பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். தாத்தா போன பிறகு பூட்டியது. உடைந்த கட்டில், பழைய தையல் மெஷின், சாக்கு, எலி. ஒன்றும் பண்ணவில்லை சார், பூட்டியே இருக்கட்டும் என்றேன். பூட்டினால் மூன்று வருடத்தில் மறுபடியும் என்னைக் கூப்பிடுவீர்கள் என்றார். தினமும் ஆள் புழங்கி, கதவு ஜன்னல் திறந்து, பெருக்கித் துடைக்கிற அறையில் ஈரம் வந்த அன்றைக்கே தெரிந்துவிடும், பூட்டிய அறையில் கூரை விழுந்த பிறகுதான் தெரியும். நான் சாய்நாதபுரத்தில் வாடகைக்குக் கடை வைத்திருந்தேன், மாதம் 7,000. அதைக் காலி செய்துவிட்டு முன்னறைக்கே கடையைக் கொண்டுவந்துவிட்டேன். தெருப் பக்கம் மூட்டை இறக்குவதற்காகத் தாத்தா வைத்த அகலக் கதவு, பாய் செப்பனிட்டுக் கொடுத்தது, அதுதான் இப்போது கடை வாசல். அளவு கொடுக்க வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். மிச்சமான வாடகையில்தான் வளையல் திரும்பி வந்தது.

அவர்களுடைய சொந்த இடத்தையும் போய்ப் பாருங்கள். லாங் பஜார் பக்கத்துச் சந்து ஒன்றில் பழைய அரிசி மண்டிக் கிடங்கு. உரிமையாளர் குடும்பம் பத்து வருடத்துக்கு வாடகையில்லாமல் கொடுத்திருக்கிறது, பழுது பார்ப்பது இவர்கள் பொறுப்பு என்ற பேச்சில். பின்பாதியில்தான் நான் சொன்ன ஆச்சிக்கல், கதவு எல்லாம். முன்பாதியில் சாயங்காலம் 5 மணி முதல் 8 வரைக்கும் பஜார் கடைக்காரர்களின் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகளும் உண்டு. நாட்டு ஓட்டுக் கூரை, நடுவில் நாலு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு வைத்திருக்கிறார்கள், பகலில் விளக்கே வேண்டாம். அரிசி எடை போட்ட மேடையை அப்படியே விட்டு, அதன்மேல் புத்தக அலமாரி. சுவரில் தொங்கும் தராசுக் கொக்கியில் பிள்ளைகள் பையை மாட்டுகிறார்கள். இரண்டு குறை: பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை போன வாரம் நான் போனபோதும் கட்டி முடிக்கவில்லை. சந்தில் சாயங்காலம் சுமை வண்டிகள் நெருக்கியடிக்கும், சின்னப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் கூடவே போய்விட்டு வாருங்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கோட்டையைச் சுற்றி ஒரு நடை கூட்டிப்போகிறார்கள், இலவசம்தான். 53 வருடமாக வேலூரில் இருக்கிறேன், மணிக்கூண்டில் இருக்கும் கல்வெட்டை அன்றைக்குத்தான் நின்று வாசித்தேன். முதல் உலகப்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் திரும்பவில்லை என்று எழுதியிருக்கிறது. கோட்டைக்குள் 1806 ஜூலை 10 சிப்பாய்க் கிளர்ச்சியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், இவர்களும் சொன்னார்கள். எனக்கு நெஞ்சில் நின்றது ஜலகண்டேஸ்வரர் கோயிலில் சொன்னதுதான். கருவறையில் சாமி இல்லாமல் எத்தனையோ காலம் கிடந்த கோயில் அது. 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு அப்போது 9 வயது, அம்மா கையைப் பிடித்துக் கூட்டத்தில் போனது நினைவிருக்கிறது. அதற்கு முன் அங்கே போனால் வௌவால் நாற்றம் அடிக்கும் என்று அம்மா சொல்வார். கல்யாண மண்டபத்துத் தூண்களை யாரும் அதற்காகப் புதிதாகச் செதுக்கவில்லை. விளக்கு ஏற்ற ஆள் வந்தார்கள், பெருக்க ஆள் வந்தார்கள், அவ்வளவுதான் மாறியது. அதே கோட்டைக்குள் 1846-ல் கட்டிய தேவாலயம் இருக்கிறது, மசூதி இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது. நடையைப் பாலாற்றங்கரை முத்து மண்டபம் வரைக்கும் நீட்டலாம் என்பது என் யோசனை. கண்டியின் கடைசி அரசர் வேலூரில் சிறையிருந்து 1832-ல் இங்கேயே இறந்தார், அவர் சமாதிக்கு உள்ளூர்க்காரர்களே அதிகம் போவதில்லை.

யாருக்கு இவர்கள் ஒத்துவருவார்கள்? வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு, இருக்கப்போகிறவர்களுக்கு. விற்பதற்கு முன் கொஞ்சம் பளிச்சென்று ஆக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டதற்கு மரியாதையாக மறுத்துவிட்டார்கள். அவசரத்துக்கு உதவ மாட்டார்கள். கல்யாணத்துக்குள் முடிய வேண்டும் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். கான்கிரீட் வீட்டு ஒழுகலுக்கும் வர மாட்டார்கள். கொத்தனார் தாத்தாவுக்கு வயதாகிறது, அவரிடம் கற்றுக்கொண்ட இரண்டு பேர் இப்போது தனியாக வேலை எடுக்கிறார்கள், நன்றாகச் செய்கிறார்கள் என்று கேள்வி. மழை தொடங்குவதற்கு முன்பே, ஆவணி புரட்டாசியிலேயே சொல்லி வையுங்கள். தை மாத வேலைக்கு அப்போதே ஆள் பிடித்துவிடுவார்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை, மதிப்பீட்டுக்கும் ஒன்பது வாரத்துக்கும்.

இன்னொன்று. நீற்றிய சுண்ணாம்பு தண்ணிக்கு அடியில் இருக்கும் வரைக்கும் கெட்டுப்போகாது, நாளாக ஆக வெண்ணெய் மாதிரி ஆகும். என் வீட்டு முற்றத்தில் ஒரு பெரிய மண்பானை நிறைய மிச்சம் இருக்கிறது, மேலே நாலு விரல் தண்ணி நிற்கும்படி அம்மா தினமும் பார்த்துக்கொள்கிறார். வேலப்பாடிப் பக்கம் யார் வீட்டிலாவது தட்டோடு வெடித்திருந்தால், சிமென்ட் வாங்கிப் பூசுவதற்கு முன் ஒரு சட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் வந்தால் எப்படிப் பூசுவது என்றும் காட்டுகிறேன்.